ரெண்டு கட்டைக்கும் ரெண்டரைக்கும் நடுவில்: ஒரு டிவிடியுடன் 16 வருஷம்

போன மாதம் என் டிவிடி பிளேயரின் தட்டு வெளியே வர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல் சத்தம், அவ்வளவுதான். ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் மேல்மூடியைக் கழற்றி, தொய்ந்துபோன ஒரு ரப்பர் பெல்ட்டை நகத்தால் எடுத்துக் காட்டினார். மோதிர விரலில் போட்டுக்கொள்ளலாம், அத்தனை சிறியது. "லென்ஸ் நல்லா இருக்கு சார். பெல்ட்தான் போச்சு. இன்னுமா இதுல படம் பாக்குறீங்க?" என்றார். பதில் சொல்லாமல் 150 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாட்டிக்கொண்டிருந்த டிஸ்க்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 80களில் வந்த படம், ஸ்கோப் (அகலத்திரை), ராஜா இசை. பெயர் வேண்டாம். சொன்னால் படம் நல்ல படமா இல்லையா என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். லண்டனில் இருந்த அத்தான் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கி, 16 வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது கொடுத்தது. இங்கே கடையில் கிடைத்ததைவிட விலை பல மடங்கு. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து போட்ட பிறகு, ஒரு டிஸ்க்குக்கு பவுண்டில் காசு கொடுப்பதே வீட்டில் பாவமாகப் பார்க்கப்பட்ட காலம். அத்தான் கொடுத்ததால் நான் தப்பித்தேன்.

பழுது பார்த்து வந்த அன்று சாயங்காலம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "எல்லாந்தான் ஓடிடியில இருக்கே, இதையெல்லாம் எடைக்குப் போட்டுட வேண்டியதுதானே?" என்றார். போட முடியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன். காயலான் கடையில் டப்பாவை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்களாம், தட்டு வேண்டாமாம். அது இருக்கட்டும். வைத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அவரிடம் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நானே எனக்கு எதிராகப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் எரிச்சல். இந்த டிஸ்க்கில் பாட்டெல்லாம் சுருதி ஏறி இருக்கிறது.

கண்டுபிடித்தது நான் இல்லை, அப்பா. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஆர்மோனியம்தான் பொழுது. டிவியில் பாட்டு ஓடும்போது கூடவே வாசிப்பார். இந்தப் படத்தில் ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டு. அதன் சுருதி ரெண்டு கட்டை என்று அவருக்கு கேசட் காலத்திலிருந்தே தெரியும். டிஸ்க்கைப் போட்டதும் ரெண்டு கட்டையில் ஆரம்பித்தார், ஒட்டவில்லை. அரைக்கட்டை தள்ளி ரெண்டரையில் வைத்துப் பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை. "என்னடா இது, ரெண்டுலயும் நிக்க மாட்டேங்குது, ரெண்டரையும் தொட மாட்டேங்குது" என்று பெட்டியை மூடி வைத்துவிட்டார். வயலின் என்றால் விரலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரிசல்தான் இருக்கிறது. பாட்டு அந்த விரிசலில் போய் விழுந்திருந்தது.

காரணம் தெரிந்தவர்களுக்குப் பழைய கதை. சினிமா நொடிக்கு 24 பிரேம். இங்கேயும் இங்கிலாந்திலும் இருந்த பால் (PAL) முறை டிவி நொடிக்கு 25. 24ஐ 25 ஆக்க எளிய வழி, படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவது. நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு, அரைக்கட்டையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறுகிறது. சுருதியை மட்டும் திரும்ப இறக்கிச் சரிசெய்து வெளியிட்ட டிஸ்க்குகளும் உண்டு. எனக்கு வாய்த்தது அப்படிச் செய்யப்படாதது.

இதை நிரூபிக்க ஒரு வழி டிஸ்க்கிலேயே இருந்தது. ஆரம்பத்தில் சென்சார் சர்டிபிகேட்டை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். நிறுத்தி வைத்து, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். 3972 மீட்டர். 35 எம்எம் பிலிமில் ஒரு பிரேம் 19 மில்லிமீட்டர். நொடிக்கு 24 என்றால் நிமிஷத்துக்கு 27.36 மீட்டர். வகுத்தால் 145 நிமிஷம் சொச்சம். பிளேயர் காட்டியது 139 நிமிஷம். ஆறு நிமிஷம் எங்கே? முதலில் ஏதோ காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கொதித்தேன். 145ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பார்த்தால் அதே 139 வந்தது. ஒரு பிரேம்கூட வெட்டவில்லை. முழுப்படத்தையும் அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.

அந்த சர்டிபிகேட்டுக்காகவே டிஸ்க்கைத் திட்டவும் மனசு வரவில்லை. குற்றத்துக்கான சாட்சியைக் குற்றவாளியே பத்திரமாக வைத்திருந்து கொடுத்தால் என்ன செய்வது?

படத்தின் தரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெட்டி டிவியில் நன்றாகத்தான் இருந்தது. தட்டை டிவி வாங்கிய அன்றுதான் கோலம் தெரிந்தது. ஸ்கோப் படத்தைப் பெட்டி டிவியின் 4:3 சட்டத்துக்குள் அடைத்துப் பதித்திருக்கிறார்கள். அகல டிவியில் போட்டால் மேலும் கீழும் மட்டுமல்ல, நாலு பக்கமும் கறுப்புக் கரை. தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி நடுவில் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருப்பார். பால் டிவிடியில் மேலிருந்து கீழாக 576 வரி. இந்தப் பதிப்பில் படம் பிடித்திருப்பது சுமார் 327 வரி. மீதியெல்லாம் கறுப்பு. ரிமோட்டில் ஜூம் அழுத்தினால் முழு எச்டி டிவி அந்த 327 வரியை 817 வரிக்கு இழுத்துக் காட்டும். நைந்த வேட்டியை விரித்துப் பிடித்தது போல் இருக்கும். மூலம் தியேட்டரில் ஓடிய பிரிண்ட்தான் என்பதும் தெரிகிறது. ரீல் முடியும் இடங்களில் வலது மேல் மூலையில், ரீல் மாற்றச் சொல்லி ஆபரேட்டருக்கு வைக்கும் அந்தப் புள்ளி வந்துவிட்டுப் போகும், கூடவே பச்சைக் கீறல் மழை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு 8.5 ஜிபி டிஸ்க் முழுவதையும் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மூன்று படம் ஒரே டிஸ்க்கில் அடைத்த மலிவு டிவிடிகளும் உண்டு. அதே இடத்தில் மூன்று படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு இரண்டரை மெகாபிட் சொச்சம்தான் மிஞ்சும், ஒலியும் அதற்குள்ளேயே. மழைக் காட்சி வந்தால் மழை பெய்யாது, கட்டம் கட்டமாகக் கல் விழும். அத்தானின் டிஸ்க்கில் மழை மழையாகத்தான் பெய்கிறது.

சரி, நண்பர் சொன்ன ஓடிடிக்கு வருவோம். அதே படம் அங்கேயும் இருக்கிறது. பளிச்சென்று இருக்கிறது. நண்பர் போனிலேயே போட்டுக் காட்டினார். அப்பாவும் மகளும் திண்ணையில் இந்தக் கோடிக்கு ஒருவர், அந்தக் கோடிக்கு ஒருவராக உட்கார்ந்து, முகம் பார்க்காமல் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று. ஒளிப்பதிவாளர் அந்த இடைவெளியைத்தான் படமாக எடுத்திருக்கிறார். ஓடிடியில் ஸ்கோப்பின் இரண்டு ஓரங்களையும் வெட்டி அகல டிவி அளவுக்கு ஆக்கியிருக்கிறார்கள், நூற்றுக்கு 24 பங்கு போய்விட்டது. அந்தக் காட்சியில் இப்போது ஒரு தூண் தெரிகிறது. தூணின் இடப்பக்கம் ஒரு மூக்கு, வலப்பக்கம் ஒரு முழங்கை. தூண் மிகத் துல்லியமாக இருக்கிறது, சுண்ணாம்பு உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. "எவ்வளவு கிளியரா இருக்கு பாரு" என்றார் நண்பர்.

இங்கேதான் எங்களுக்குள் எப்போதும் சண்டை. டிஸ்க்கில் படம் பார்க்கிற எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். பிலிமுக்கே உரிய பொடி (கிரெய்ன்) தெரியத்தான் வேண்டும் என்று நாங்கள் மறுபக்கம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கீறலும் தூசியும் இயக்குநர் வைத்தது இல்லை. ஆனால் பொடியைத் துடைக்கிறேன் என்று போனால் தோலும் சேர்ந்து போய்விடும். 2010இல் 'பிரிடேட்டர்' என்ற ஹாலிவுட் படத்துக்கு இரண்டாவது முறை ப்ளூரே வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தான். வேர்வையில் நனைந்து காட்டுக்குள் அலைகிற ஆட்கள் மெழுகு பொம்மைகளாகி இருந்தார்கள். இன்னொரு பக்கம் சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்கள். அவற்றின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகியது. அதில் மிஞ்சியதை இத்தாலியின் போலோன்யாவில் பொறுமையாக மீட்டு, சேதமான இடங்களுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து 4கே ஆக்கினார்கள். டிஸ்க்கில் பார்த்தால் பொடி பொடியாகவே இருக்கிறது, முகம் முகமாகவே இருக்கிறது. நெருப்பில் வெந்த பிலிமுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. நம் படத்துக்குத் தூண் கிடைத்திருக்கிறது.

ஒலி விஷயத்தில் எனக்கு ஓர் எதிர்பாராத சந்தோஷமும் உண்டு. டிஸ்க்கைப் போட்டதும் வருவது 5.1. ஒரே தடத்தில் ஒலி பதிந்த மோனோ படத்தை எடுத்து ஆறு ஸ்பீக்கருக்குப் பங்கு வைத்த 5.1, எல்லோரும் கிணற்றுக்குள் நின்று பேசுவார்கள். வாங்கி மூன்று வருஷம் கழித்து, ஒருநாள் ரிமோட்டில் கை தவறி ஆடியோ பட்டனை அழுத்திவிட்டேன். பழைய மோனோ அப்படியே இருந்தது! அட்டையில் எழுதவில்லை, மெனுவிலும் இல்லை. கிணற்றிலிருந்து எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான், வேலை செய்த இடத்தில் யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன்.

மோனோவும் நாலு பங்கு வேகம்தான் என்பது வேறு விஷயம்.

இதற்கு மருந்து ஒன்று இருக்கிறது. நண்பர் முன்னாலேயே செய்து காட்டினேன். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்க வேண்டும். அமைப்புகளில், வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் ஒரு வசதி இருக்கும். அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் பாட்டு இழுபடுமே தவிர சுருதி இறங்காது. இரண்டையும் செய்தால் படம் 145 நிமிஷத்துக்கு வந்துவிடும். அப்பாவைக் கூப்பிட்டேன். ஆர்மோனியத்தின் மேல் மூடியிருந்த துண்டை எடுத்தார். ரெண்டு கட்டை, கச்சிதமாக உட்கார்ந்தது. சரணம் முடியும்வரை நிறுத்தவில்லை.

வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குப் பாட்டு பிடிக்கவில்லை.

குரல் கனத்துவிட்டது போல இருந்தது. கதாநாயகி தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல, தபேலா ஒரு அடி தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போல. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு யோசித்தால் விஷயம் புரிந்தது. நான் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவன் இல்லை. பாட்டு எனக்குப் பழக்கமானது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்து, படம் பழக்கமானது ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில். அதுவும் பால் முறைதான், அதே 25 பிரேம்தான். எனக்கு முதலில் கிடைத்ததே சுருதி ஏறிய பாட்டு. அப்பாவுக்கு ரெண்டு கட்டை. எனக்கு அந்த விரிசல்.

நண்பரும் சிரித்துக்கொண்டே, "முதல்ல இருந்ததே நல்லாருந்துச்சு, இது இழுக்குது" என்றார். அவரும் தூர்தர்ஷன் வீட்டுப் பிள்ளை.

ஆக, யாராவது வாங்கலாமா என்று கேட்டால்: வாங்காதீர்கள். படம் 327 வரி, அட்டையில் மோனோ பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாட்டு எந்தக் கட்டையிலும் சேராது, பிளேயருக்குப் பெல்ட் இன்னும் எத்தனை நாள் கிடைக்குமோ தெரியாது. எனக்கு மட்டும் ரிச்சி தெரு அண்ணன் பெல்ட் இன்னும் இரண்டு எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நண்பர் போகும்போது டிஸ்க்கை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார். மூன்று படம் இருக்கிற டிவிடியைக் கொடுத்து அனுப்பினேன்.