எலன் டெர்ரி புகைப்படத்துக்கு 240 பவுண்டு அழுதேன், நீங்களும் அழாதீர்கள்

பார்சலைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 240 பவுண்டு!

கேபினட் கார்டு (கெட்டி அட்டையில் ஒட்டிய அந்தக் காலத்து ஸ்டுடியோ புகைப்படம்) சேர்ப்பவர்களுக்கு, விக்டோரியா காலத்து ஆங்கில நாடக நடிகை எலன் டெர்ரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1888 இறுதியில் லண்டன் லைசியம் அரங்கில் லேடி மக்பெத்தாக வந்தபோது அவர் உடுத்திய பச்சை உடையில் சுமார் ஆயிரம் பொன்வண்டுச் சிறகோடுகள். (ஆமாம், தீப்பெட்டியில் அடைத்து வளர்த்தோமே, பொன்வண்டு.) கென்ட்டில் அவர் வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் அந்த உடையைப் பார்த்ததிலிருந்து, அந்த வேடத்தில் விண்டோ அண்ட் குரோவ் ஸ்டுடியோ எடுத்த படம் வேண்டுமென்று ஒரே ஆசை.

ஓர் ஏலத் தளத்தில் கண்ணில் பட்டது. "பாட்டியின் ஆல்பத்தில் இருந்தது, விற்க மனமே இல்லை" என்றார் விற்றவர். கேட்டவுடன் அட்டையின் பின்பக்கத்தையும் அனுப்பினார். ஸ்டுடியோ முத்திரை, ஓரமெல்லாம் பழுப்பு, மூலையில் யாரோ பென்சிலால் எழுதிய பெயர். அந்தப் பென்சில் எழுத்தில்தான் விழுந்தேன். "தளத்துக்கு எதற்குக் கமிஷன்? நேரே வங்கியில் போடுங்கள், 20 பவுண்டு குறைக்கிறேன்" என்றபோதுகூட நல்ல மனுஷர் என்றே நினைத்தேன். 260 இருந்தது 240 ஆனது.

அட்டை அசல்தான். அதிலிருந்த படத்தை உரித்துவிட்டு, பிரிண்டரில் எடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்தால் வண்ணப் புள்ளிகள். அந்தக் காலத்து ஆல்புமென் படத்தில் புள்ளி ஏது? முட்டை வெள்ளைக்கருப் பூச்சுக்கு அடியில் காகித நார்தான் தெரியும்.

எழுதிக் கேட்டேன். "உங்கள் வீட்டு விளக்கு வெளிச்சம் அப்படி" என்றார். மறுநாள், "பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்கிறார்கள். வங்கியிலோ, பொருள் வந்துவிட்டதே, இது உங்கள் வியாபாரத் தகராறு என்று கையை விரித்துவிட்டார்கள். 240 பவுண்டு அவ்வளவுதான்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பின்பக்கத்தைப் பார்த்து மயங்காமல், முன்பக்கத்தை மிக நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அது விக்டோரியா காலத்துத் தாளே இல்லை.

இன்று காலை அதே ஆள், டெர்ரியோடு நடித்த ஹென்றி இர்விங்கின் படம் ஒன்றை ஏலத்துக்கு விட்டிருக்கிறார். பாட்டியின் ஆல்பமாம்.