என்ஜின் பிடித்த பழைய எக்ஸ்எல் சூப்பர்: உப்புக்காற்றில் ஓட்டிய அனுபவம்

மைலேஜைப் பற்றி இதில் எதுவும் எழுதப் போவதில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வாங்கும் யாருக்கும் அது தெரிந்த கதைதான். என்ஜின் பிடித்துப்போன, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகி நின்றுபோன, ஒரு பழைய எக்ஸ்எல் சூப்பரை இராமநாதபுரம் கடற்கரையில் வைத்துக்கொண்டு என்ன செய்தேன், அதற்கப்புறம் அது எப்படி ஓடுகிறது என்பதுதான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்ஜின் போனதற்காக இந்த வண்டியைத் தூக்கிப் போட வேண்டாம். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், போயிருந்தால் போடுங்கள்.

வண்டி செகண்ட் ஹேண்ட். டூ ஸ்ட்ரோக், 69.9 சிசி, கியர் கிடையாது, நாலு லிட்டர் டேங்க். 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வருவதற்கு முந்தைய தலைமுறை. மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்குக் கருவாட்டு மூட்டை கொண்டுபோவதுதான் இதன் முக்கிய வேலை. திரும்பி வரும்போது பலசரக்கு. எப்போதாவது பாம்பன் பாலம் தாண்டி இராமேஸ்வரம்.

வாங்கும்போதே ஒரு குணம் இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் தூக்கியே நின்று பிறகு மெதுவாக இறங்கும். கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, ஐடிலிங் ஸ்குருவக் கொஞ்சம் எறக்கி வச்சாச் சரியாப் போகும்" என்றார் விற்றவர். ஸ்குருவை இறக்கியதும் சரியானது போலத்தான் இருந்தது. அந்தக் குணத்துக்குக் காரணம் வேறு என்பது என்ஜினைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் மண்டபத்திலிருந்து மேற்கே போவது இந்த வண்டிக்குப் பெரிய வேலை. நம் பக்கம் மலை கிடையாது, காற்றுதான் மலை. பின்னால் மூட்டை, முகத்தில் காற்று, ஒற்றை கியர். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால்தான் நகரும். அப்படிப் போகும்போதுதான், உச்சிப்புளி தாண்டி, வண்டி மெல்ல இழுவை குறைந்து, 'கிய்ங்' என்று ஒரு சத்தத்தோடு நின்றது. இதில் என்ஜின் வேகம் ஏறினால் தானாகப் பிடித்து, இறங்கினால் தானாக விடும் சென்ட்ரிபியூகல் கிளட்ச் என்பதால் என்ஜின் இறுகியதும் கிளட்ச் தானாக விட்டுவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, வண்டி உருண்டே ஓரத்துக்கு வந்தது. கியர் வண்டியாக இருந்தால் கிளட்சைப் பிடிப்பதற்குள் கீழே விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆறியதும் கிக்கர் இறங்கியது. ஸ்டார்ட்டும் ஆனது. ஆனால் உள்ளே கடகட சத்தம், இழுவையும் இல்லை. டூ ஸ்ட்ரோக் ஒருமுறை பிடித்து விட்டுவிட்டால் "ஓடுதே" என்று அப்படியே ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. பிஸ்டனிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்கு சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும்போது ஓட்டினால் பிஸ்டன் ரிங் உடையும், போர் (சிலிண்டரின் உள்துளை) இன்னும் கீறும். குட்டியானை பிடித்து ஏற்றிவிட்டேன்.

முதலில் காட்டிய பட்டறையில் பிரிக்காமலேயே, "பிஸ்டன் கிட் மாத்திரலாம், சாயங்காலம் எடுத்துக்கங்க" என்றார்கள். இன்னொருவர் காயலான் கடையிலிருந்து முழு என்ஜினே வாங்கி மாட்டித் தருகிறேன், செலவும் குறைவு என்றார். இரண்டாவது யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆர்சி புத்தகத்தில் என்ஜின் நம்பரும் இருக்கிறது. வேறு என்ஜினை மாட்டினால் அதை ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் பதிய வேண்டும், அதற்கு அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். காயலான் கடை என்ஜினுக்குக் காகிதம் யார் தருவார்கள்? 15 வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும் அன்று மாட்டிக்கொள்வோம். அதோடு அந்த என்ஜின் எந்த நிலையில் இருந்து கழற்றப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது.

கடைசியில் வண்டி போய்ச் சேர்ந்தது வயதான ஒரு பாய் பட்டறைக்கு. அவர் என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைச் சாய்க்கச் சொல்லி அடியில் சேஸிஸ் குழாயை ஸ்குரூடிரைவரால் குத்திக்குத்திப் பார்த்தார். ஃபுட்போர்டுக்குக் கீழே, பின் ஃபோர்க் சேரும் இடத்தில், கேரியர் வெல்டிங்கில். மீன் பெட்டித் தண்ணீர் சொட்டும் வண்டிகளில் முதலில் போவது அந்த இடங்கள்தானாம். மேலே பெயிண்ட் அப்படியே இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். என் வண்டியில் துரு இருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. "செலவு பண்ணலாம்" என்றார். அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார்.

ஸ்பார்க் பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போயிருக்கிறது, சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றினால் சைலன்சர் துவாரப் பக்கம் பிஸ்டனில் நீள நீளமாகக் கீறல். எல்லோரும் முதலில் கேட்பது "ஆயில் ஊத்துனியா" என்றுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஊற்றியிருந்தேன், லிட்டருக்கு 20 மில்லி, பிசகாமல். அடியில் பேரிங்கிலும் ஆயில் நன்றாகவே படிந்திருந்தது. ஆக ஆயில் குறையவில்லை.

"பிஸ்டன மாத்துறது ஒரு வேலையே இல்ல தம்பி. அது ஏன் புடிச்சுச்சுன்னு பாக்காம மாத்துனா, அடுத்த கச்சானுக்கு இங்கதான் வந்து நிப்ப" என்று சொல்லிவிட்டு, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டைக் கழற்றினார். காரணம் அங்கேதான் இருந்தது. மேக்னெட் பக்கத்து ஆயில் சீலின் (தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையத்தின்) உதடு கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அது உட்காரும் இடத்தில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு துருப்பிடித்துப் பொரிப்பொரியாகக் கிடந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். சீல் கசிந்தால், பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்கும் கார்ப்பரேட்டரின் கணக்கில் வராத காற்று பக்கவாட்டில் உள்ளே நுழையும். கலவை வறண்டுபோகும், சூடு ஏறும், பிஸ்டன் விரியும், பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டும் இரைச்சல் இறங்காமல் நின்றது இதனால்தான். பிஸ்டன் தலையில் 0.50 என்று அடித்திருந்தது, கம்பெனி அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். அதாவது இந்த என்ஜின் எனக்கு முன்பே பிடித்திருக்கிறது, யாரோ சிலிண்டரைக் குடைந்து போர் அடித்திருக்கிறார்கள், சீலை மட்டும் தொடவே இல்லை. சாயங்காலமே வண்டியைக் கொடுக்கும் பட்டறைகள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான்.

செய்த வேலை: சிலிண்டர் லேத்துக்குப் போய் 0.75 ஓவர்சைஸுக்குப் போர், அதற்குப் பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், லாக். இரண்டு பக்கமும் புது ஆயில் சீல், புது கிராங்க் பேரிங், எல்லா பேக்கிங்கும். கனெக்டிங் ராடில் ஆட்டம் இல்லாததால் அதை விட்டுவிட்டோம். துருப்பிடித்த தண்டை மெருகேற்றி, புது சீலைப் பழைய இடத்திலிருந்து துளி தள்ளி உட்கார வைத்தார், உதடு நல்ல இரும்பில் படும்படி. இந்தச் சின்னக் கைவேலையைத்தான் இந்த ரிப்பேரிலேயே பெரிதாக நினைக்கிறேன். போர் அடிக்கக் கொடுக்கும்போது பிஸ்டனையும் கையோடு கொடுத்துவிடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் குடைய வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டர் மூட்டை ஏற்றவில்லை. ஆயிலைச் சற்றுக் கூட்டி, லிட்டருக்கு 30 மில்லி. ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். புகை அதிகமாக வந்தது, பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள், அது பரவாயில்லை.

அதற்கப்புறம் ஒரு கச்சான் அல்ல, சில கச்சான்கள் கடந்துவிட்டன. பிடிக்கவில்லை. ஓட்டும் விதத்தில் இரண்டு பழக்கம் மாறியிருக்கிறது. எதிர்க்காற்றில் முழுத் திருகலில் விடாமல் போவதில்லை, நடுநடுவே இறக்கிக் கொடுக்கிறேன். 1988-ல் திறந்த பாம்பன் ரோட்டுப் பாலம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் அல்லவா, அந்தச் சரிவில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி இறங்குவதும் இல்லை. இந்த வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. மூடினால் ஆயிலும் வெகுவாகக் குறைந்துவிடும், என்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வண்டிக்கும் அப்போது வேலை குறைவு. டேங்க்கில் பெட்ரோலை விட்டு நிறுத்திவைத்தால், எத்தனால் கலந்த பெட்ரோல் கடற்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்ப்பரேட்டரில் பிசின் படியும். அதனால் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்ப்பரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், முக்கியமாக சிலிண்டர் விசிறித் தகடுகளுக்கு நடுவில். அங்கே மணலும் மீன் தண்ணீரும் சேர்ந்து காய்ந்தால் சிமெண்ட் பூசியது மாதிரி ஆகிவிடும், காற்று பட்டும் ஆறாது. என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீர் அடிக்காதீர்கள்.

இந்தக் கரையில் பழைய எக்ஸ்எல் சூப்பர் வாங்கப் போகிறவர்கள் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், சூடேறியதும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டு இரைச்சல் உடனே விழுகிறதா என்று கேளுங்கள், எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கிடக்கிறது என்று விசாரியுங்கள். 1.00 ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்த தடவை புது சிலிண்டர்தான், விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றிக் கலக்கும் வேலையே வேண்டாம் என்பவர்கள் எக்ஸ்எல் 100 பக்கம் போய்விடலாம்.

என் வண்டியில் இப்போதைக்கு இருக்கும் குறை சைலன்சர்தான். கரி அடைத்து இழுவை கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அடித்தகடும் துருவில் மெலிந்துவிட்டது. சுட்டுக் கரி எடுத்தால் தகடு தாங்காது என்று பாய் சொல்கிறார். தடைக்காலத்தில் புதுசு மாற்ற வேண்டும்.