கண்கட்டா, ஸ்ட்ரோப் கண்ணாடியா? தாண்டுதல் பயிற்சிக்கு எது சரி?

தாண்டும் வீரர்களின் பார்வையை வேண்டுமென்றே மறைத்துப் பயிற்சி தருவதில் இரண்டு கட்சி. ஒன்று, கண்ணை முழுக்கக் கட்டிவிடும் கட்சி. இன்னொன்று ஸ்ட்ரோப் கண்ணாடிக் கட்சி. அதன் லென்ஸ் நொடிக்குச் சில முறை தெளிவதும் இருள்வதுமாக இருப்பதால் காட்சி துண்டு துண்டாகத்தான் வந்து சேரும்.

நின்ற இடத்திலிருந்து எகிறுவதற்குக் கண்ணின் வேலை குறைவு. சிக்கல் தரையிறங்கும்போதுதான். பெட்டியிலிருந்து குதிக்கிறீர்கள் என்றால், பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தொடையும் கெண்டைக்காலும் இறுகிவிடும். கண்ணைக் கட்டினாலும் இது நிற்காது, உயரம் ஏற்கெனவே பழகியதாக இருந்தால் உடம்பு நினைவிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்தக் கணக்கில் துல்லியம் குறைகிறது, தரையின் அடி பலமாக விழுகிறது. முழங்கால் தேறிவரும் ஒருவருக்கு இதைக் கொடுக்க எனக்குத் துணிவு வராது.

அங்கேதான் ஸ்ட்ரோப் முந்துகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநாரில் அறுவை நடந்த பிறகு மூட்டிலிருந்து வரும் உணர்வு பழையபடி இல்லாததால், பலருக்கு மூளை கண்ணையே அதிகம் நம்பத் தொடங்குகிறது. பார்வையைப் பாதி மட்டும் பறித்தால் மூட்டின் உணர்வுக்கு மறுபடி வேலை வரும், தரை எங்கே என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். விலைதான் இடிக்கிறது: சில நூறு டாலர். துணிக்குச் செலவே இல்லை.

சரி, நீளம் தாண்டுதலில் ஓடிவரும் பகுதிக்கு? இரண்டுமே வேண்டாம் என்பேன். 1982-இல் ஆய்வாளர் டேவிட் லீ குழுவினர் காட்டியது இதுதான்: எத்தனை முறை பழகினாலும் ஓட ஓட எட்டுகளில் பிசகு சேர்கிறது, கடைசிச் சில எட்டுகளில், கால் ஊன்றி எம்ப வேண்டிய பலகையைக் கண்ணால் பார்த்துத்தான் வீரர்கள் அதைச் சரிசெய்கிறார்கள். பார்வையே இல்லாமல் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்குப் பாராலிம்பிக்கில் பார்வையற்றோருக்கான டி11 பிரிவைப் பாருங்கள். எல்லோருக்கும் கண்மறைப்பு, திசை காட்ட ஒருவர் குரல் கொடுப்பார், அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கும். 20 செ.மீ. பலகைக்குப் பதில் 1 மீட்டர் நீளப் பகுதியில் எங்கே கால் ஊன்றினாலும் அங்கிருந்து அளப்பார்கள். அப்படியும் சீனாவின் டி டாங்டாங் டோக்கியோ பாராலிம்பிக்கில் 6.85 மீட்டர் தாண்டினார்! அமெரிக்காவின் லெக்ஸ் கில்லெட் அதே போட்டியில் தன் ஐந்தாவது வெள்ளியை வாங்கினார். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் ஒரே குரலை நம்பி ஓடிப் பழகிய உடம்பு. பார்வையுள்ள வீரரின் கண்ணைக் கட்டி ஓடவிட்டால் அவருக்கு அந்தப் பழக்கம் வராது, கணுக்கால்தான் போகும்.

ஆக, காயத்திலிருந்து மீள்பவருக்கு ஸ்ட்ரோப், அதுவும் பிசியோ பக்கத்தில் இருக்கும்போது. காயமில்லாத வீரர், கையில் பணமில்லை என்றால் கண்கட்டு போதும்: 20 செ.மீ. பெட்டி, கீழே மெத்தை, கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள், முதலில் கண் திறந்து பத்து முறை, அப்புறம்தான் கட்டிக்கொண்டு.