இஞ்சிப் பிளேன்டீயும் பழைய பாட்டும்: ஹட்டன் மாடிக் கடை

ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் இந்தத் தேத்தண்ணிக் கடைக்கு ஆட்கள் வருவது ரொட்டிக்காக மட்டும் இல்லை. காலையிலிருந்தே 1960, 70களின் பாட்டுதான். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டாவது பிளேன்டீ சொல்வதே அதற்காகத்தான்.

சத்தம் அளவாக இருக்கிறது: எதிரில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசலாம், பாட்டு வரியும் புரியும். பேஸையும் (அடித்தொண்டைச் சத்தம்) குறைத்திருக்கிறார்கள். பழைய பதிவில் அதைக் கூட்டினால் குரல் குடத்துக்குள் போய்விடும்.

பிழை ஸ்பீக்கரில். ஒரு பெட்டி கல்லாவுக்கு மேலே, மற்றது குசினி வாசலில். இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம் வரும் பழைய மோனோ பாட்டுக்குப் பாதகமில்லை. பெட்டிக்கொரு சத்தமாகப் பிரித்த 80களின் ஸ்டீரியோ வந்தால் கல்லாப் பக்கம் வயலின் மட்டும், குசினிப் பக்கம் தபேலா மட்டும். போன் செட்டிங்கில் மோனோ ஆடியோவைப் போட்டால் தீரும். நடு மேசையில் பாட்டு மெலிந்து கேட்கிறது. ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிப் பூட்டிவிட்டார்கள் போல; அப்படியானால் ஒன்றின் சத்தத்தை மற்றது அடித்துவிடும்.

தகரத்தில் மழை கொட்டினால் வால்யூமை முழுக்கத் திருப்புகிறார்கள். சின்ன ஆம்பிளிஃபயர் மழையை வெல்லாது, குரல்தான் கரகரக்கும். அந்த அரை மணி நேரம் நிறுத்திவிடலாம். மழையும் பழைய பாட்டுதானே!

புளூடூத்தில் போடுவதால் முதலாளிக்குக் கோல் வந்தால் பல்லவியிலேயே நின்றுவிடுகிறது. பென்டிரைவ் போதும்.

இஞ்சிப் பிளேன்டீ நல்ல காரம், சீனியைத் தனியாகக் கேளுங்கள். ரொட்டியும் கட்டசம்பலும் பத்து மணிக்கு முன்னால்தான் சூடு.