ஒரே டாங்கிள், மூன்று கம்ப்யூட்டர்: ஆறு வருடப் புழக்கம்

2018இல் என் சாவிக்கொத்தில் மூன்று தொங்கின: வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, ஐலாக். ஐலாக் என்பது இசை மென்பொருளின் லைசென்ஸைத் தாங்கும் யுஎஸ்பி டாங்கிள். எது தொலைந்தால் அதிக நஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் ஐலாக் என்பேன். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி (கருவிகளின் பதிவு செய்த ஒலித் தொகுப்பு), பியானோ, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் என்று பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய லைசென்ஸ் எல்லாம் கட்டைவிரல் அளவுள்ள அந்த உலோகத் துண்டில்தான் இருந்தது. அது எந்தக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறதோ அங்கேதான் சத்தம் வரும்.

சென்னையில் வீடு குரோம்பேட்டை, ஸ்டூடியோ சாலிகிராமம். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு படத்தின் பின்னணி இசைக்கான ரீ-ரெக்கார்டிங். எட்டரைக்கு ப்ராஜெக்டைத் திறந்தால் வயலின் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் லைசென்ஸ் இல்லை என்ற கட்டம் வரிசையாக முளைக்கிறது. சாவிக்கொத்தைப் பார்த்தேன், ஐலாக் தொங்கும் வளையம் காலியாக இருந்தது. ராத்திரி வேலை பார்த்துவிட்டு டாங்கிளை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே விட்டிருக்கிறேன். மனைவி அதைப் பிடுங்கி ஒரு சின்ன டிபன் டப்பாவில் போட்டுக் கொடுக்க, மைத்துனர் ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரம். இசையமைப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை, மூன்று டீ குடித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி டாங்கிள் ஊர் சுற்றாது. 2019இல் அதை ஒரு பெட்டிக்குள் வைத்தேன். இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது.

ஏற்பாடு இதுதான். ஸ்டூடியோவில் முன் அறையில் ஒரு மேக், உள் அறையில் உதவியாளர் தம்பி எடிட் பண்ணும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், அப்புறம் என் லேப்டாப். இந்த மூன்றிலும் பெரிய லைப்ரரி எதுவும் கிடையாது. எல்லாம் நான்காவதாக ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, நான் சொன்ன பெட்டி அதுதான். அதற்கு மானிட்டர் இல்லை, கீபோர்ட் இல்லை. அதில் ஓடுவது ஆஸ்திரியாவின் வியன்னா சிம்ஃபனிக் லைப்ரரி நிறுவனத்தின் வியன்னா என்சாம்பிள் ப்ரோ. வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அதன் பிளக்கினை, அதாவது இசை மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருளை, திறந்து சர்வரோடு (பெட்டியோடு) இணைத்தால் போதும். நான் வாசிக்கும் மிடி, அதாவது எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற தகவல், நெட்வொர்க் கேபிள் வழியாக அந்தப் பெட்டிக்குப் போகிறது, அங்கே வயலின் ஒலிக்கிறது, ஆடியோ அதே கேபிளில் திரும்பி வருகிறது. சத்தம் பிறக்கும் இடம் பெட்டி என்பதால் லைசென்ஸும் பெட்டியில் இருந்தால் போதும். கேட்கிற கம்ப்யூட்டர் மேக்கா விண்டோஸா என்பது அதற்குக் கவலை இல்லை.

இந்த யோசனை புதிதல்ல. நான் வேலை கற்றுக்கொண்ட அண்ணன் ஒருவரின் ரேக்கில் ரிசப்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. மியூஸ் ரிசர்ச் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. பார்க்க சவுண்ட் மாட்யூல் மாதிரி இருக்கும், உள்ளே லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர். பிளக்கின்களை அதில் போட்டுக்கொண்டு மேடையில் தனியாகவும் வாசிக்கலாம், யூனிவயர் என்ற வழியில் நெட்வொர்க் கேபிள் மூலம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரோடும் சேர்க்கலாம். ஆனால் எந்தப் பிளக்கின் ஓடும் என்பது அவர்கள் அதற்கென்று தயார் செய்து தருவதைப் பொறுத்தது. எனக்கு வேண்டிய லைப்ரரிகளுக்கு அது ஒத்துவராது என்பதால் நான் சொந்தமாகப் பெட்டி கட்டினேன்.

கட்டியது ரிட்சி ஸ்ட்ரீட்டில் பொறுக்கிய பாகங்களில். 64 ஜிபி ரேம், 2 டிபி எஸ்எஸ்டி இரண்டு, சத்தமில்லாத பெரிய ஃபேன். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு போடவில்லை. கடைக்காரர், "கேமிங்கா சார்?" என்றார். "இல்லைங்க, வயலின்" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். மானிட்டர் இல்லாமல் ஓடும்போது தூரத்திலிருந்து பார்க்கும் திரை தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று சின்னதாக ஒன்று விற்கிறார்கள், மானிட்டர் இருப்பதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்றும். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐலாக்கை வெளியே செருகவில்லை. மதர்போர்டின் உள் யுஎஸ்பி முனைக்கு ஒரு அடாப்டர் போட்டு, கேபினெட்டுக்குள்ளேயே மாட்டித் திருகை முடுக்கிவிட்டேன். பென் டிரைவ் என்று நினைத்து யாரும் பிடுங்க முடியாது. இந்த ஆறு வருடத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் இது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

பெட்டியை முதலில் பரணில் வைத்தேன். சென்னையில் மே மாதம் பரண் என்பது அடுப்பு. மதியம் இரண்டு மணிக்கு ஃபேன் கத்தும், பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் வெட்டி வெட்டி வரும். இப்போது உள் அறையில், ஏசி காற்று படும் இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயர ஸ்டாண்டில் இருக்கிறது. அதற்கென்று தனி யுபிஎஸ். மின்சாரம் போனால் மேக் பிழைத்துப் பெட்டி மட்டும் அணைந்தால் மொத்த டெம்ப்ளேட்டும், அதாவது ஏற்றி வைத்த கருவிகளின் முழு வரிசையும், மறுபடி ஏற வேண்டும், என்னிடம் அது பதினோரு நிமிடம்.

இனி கேபிள். நம் ஊரில் இந்த ஏற்பாட்டில் பாதிப் பிரச்சினை இங்கேதான் வரும். இரண்டாம் வருடம் ஒரு வினோதம். ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் வகைக் கருவிகள் மட்டும் வாசித்தால் சுத்தமாக இருக்கிறது. பிராஸும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகள்) கோரஸும் (குழுக் குரல்) சேர்ந்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சத்தம். பஃபரை, அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் அளவைக் கூட்டினேன், லைப்ரரியைத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன், இரண்டு நாள் போனது. தம்பிதான், "அண்ணா, பெட்டிக்குப் பின்னால் லைட் கலர் மாறியிருக்கு" என்றான். குனிந்து பார்த்தால் எப்போதும் பச்சையாக எரிவது ஆரஞ்சாக எரிகிறது. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பீரோவுக்குப் பின்னால் எலி கடித்து, உள்ளே இரண்டு கம்பி அறுந்து தெரிந்தது.

கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால், மற்ற இரண்டில் ஒன்று போனால் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்டில் ஒரு ஸ்டீரியோ ஜோடிக்கு சுமார் 3 மெகாபிட் ஆகிறது. நூறு ஜோடி அனுப்பினாலும் 300தான், கிகாபிட்டில் தாராளம். 100 மெகாபிட்டில் முப்பது ஜோடி வருவதற்குள் மூச்சு முட்டும். ஸ்ட்ரிங்ஸ் பிழைத்ததும் பிராஸ் வந்ததும் வெடித்ததும் இந்தக் கணக்கில்தான். புதுக் கேபிளை பிவிசி பைப்புக்குள் இழுத்தேன். வீட்டு இணையத்துக்குத் தரும் ரவுட்டரின் முதுகில் இதைச் செருக வேண்டாம், தனியாக ஒரு கிகாபிட் ஸ்விட்ச் போடுங்கள்.

அடுத்து தாமதம், அதாவது கட்டையைத் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5.3 மில்லி விநாடி. சர்வர் பிளக்கினில் 2 பஃபர் என்று வைத்தால் அதற்கு மேல் இன்னும் 10.7. மொத்தம் 16. மெதுவாக எழும் ஸ்ட்ரிங்ஸுக்கு இது தெரியவே தெரியாது. வீணையிலோ நாதஸ்வரத்திலோ கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலால் கமகம் பிடிக்கும்போது கை கொஞ்சம் வழுக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். மிருதங்கமும் கஞ்சிராவும் பழகவே இல்லை. ஃபரன்களை, அதாவது வேகமாக ஓடும் சொற்கட்டுகளை, விரலால் தட்டும்போது அடி பின்னால் விழுவது எரிச்சலாக இருக்கும், தட்டத் தட்ட வேகமும் இழுபடும். அதனால் தாளக் கருவிகள் மட்டும் வேலை செய்யும் கம்ப்யூட்டரிலேயே, டாங்கிள் தேவைப்படாத லைப்ரரியாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான சுகம் ப்ரிசர்வ் என்ற ஒரு பட்டனில் இருக்கிறது. அதை அழுத்தி வைத்தால் மேக்கில் ப்ராஜெக்டை மூடினாலும் பெட்டியில் ஏறிய கருவிகள் இறங்காது. காலையில் ஒருமுறை ஏற்றிவிட்டுக் காபி குடித்து வந்தால், முதல் ரீலிலிருந்து ஐந்தாம் ரீலுக்குப் போவதும் வருவதும் நொடிகளில் முடியும். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பழைய சீனைப் போடுங்க சார்" என்று கேட்கும்போது இதன் அருமை தெரியும்.

பக்கத்திலேயே டீகப்பிள் என்று இன்னொரு பட்டன். அதை அழுத்தினால் பெட்டியில் உள்ள விவரம் ப்ராஜெக்ட் ஃபைலோடு சேமிக்கப்படாது. ஃபைல் சிறிதாகும், சேவ் பட்டென்று முடியும். ஆனால் பெட்டிப் பக்கத்து ஃபைலை நாம்தான் தனியாகச் சேமிக்க வேண்டும். ஒரு படத்துக்கு வேலை முடிந்த சந்தோஷத்தில் அதை மறந்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு சீனை நீட்டியிருக்கிறோம், பின்னணி இசையையும் நீட்டிக் கொடுங்கள் என்று வந்தார்கள். ப்ராஜெக்டைத் திறந்தேன். நோட் எல்லாம் அப்படியே இருக்கிறது, செல்லோ வாசிக்க வேண்டியதை மாரிம்பா வாசிக்கிறது. அந்த நான்கு மாதத்தில் டெம்ப்ளேட் மாறிவிட்டது. எந்தச் சேனலில் என்ன இருந்தது என்று பழைய மிக்ஸைக் கேட்டுக் கேட்டுத் தேடினேன், ஒரு ராத்திரி முழுக்க. இப்போது படத்தின் பெயர், ரீல் எண், தேதி போட்டுப் பெட்டி ஃபைலையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிறேன். தம்பிக்கு இட்டிருக்கும் ஒரே கண்டிப்பான கட்டளையும் இதுதான்.

டாங்கிள் எதற்கு, லைசென்ஸை இணையத்திலேயே வைக்கும் ஐலாக் கிளவுட் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். இணையம் இருக்கும்வரை அருமையான வசதி. அது ஓட இணையத் தொடர்பு விடாமல் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் கரண்ட் மூன்றாம் நாள் வந்தது, இணையம் வர அதற்கு மேலும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் வேலை செய்தேன். பக்கத்துத் தெரு நண்பர் முழுக்கக் கிளவுடில் வைத்திருந்தவர், மொபைல் சிக்னல் பிடிக்க மொட்டை மாடிக்கு லேப்டாப்போடு ஏறி நின்றார்.

டாங்கிளுக்கும் ஆயுள் பயம் உண்டு. தொலைந்தால் ஒவ்வொரு கம்பெனியாக எழுதிக் கெஞ்ச வேண்டும். ஒருமுறை லைசென்ஸ் மாற்றத்துக்காக ஒரு லைப்ரரி கம்பெனிக்கு எழுதி ஒன்பது நாள் பதிலுக்குக் காத்திருந்த அனுபவம் இருப்பதால், ஐலாக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 30 டாலர் கட்டி டாங்கிள் போனாலும் வேலை நிற்காமல் இருக்க உதவும் ஜீரோ டவுன்டைம் பாதுகாப்பு எடுத்திருக்கிறேன். முன்பு இன்னொரு டாங்கிளும் இருந்தது, க்யூபேஸ் என்ற இசை மென்பொருளைச் செய்யும் ஸ்டெயின்பெர்க்கின் இலைசென்சர். வியன்னாவும் அப்போது அதைத்தான் பயன்படுத்தியது. பிறகு வியன்னா ஐலாக்குக்கு மாறியது, 2022இல் வந்த க்யூபேஸ் 12இலிருந்து ஸ்டெயின்பெர்க்கும் டாங்கிளை விட்டது, 2025 மே மாதத்தோடு இலைசென்சர் சேவையையே நிறுத்திவிட்டார்கள். பழைய டாங்கிள் மேசை டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

பகிர்வது என்றால் எதுவரை என்பதையும் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பெட்டியோடு இணைய முடிகிறது. முடிகிறது என்பதால் செய்யலாம் என்று அர்த்தமில்லை. பல லைப்ரரிகளின் ஒப்பந்தம் ஒரு ஆளுக்கு என்றுதான் இருக்கிறது. நான் மேக்கில் வாசிக்கும்போது தம்பி இணைப்பதில்லை, நான் எழுந்த பிறகுதான் அவன் உட்காருவான். பெட்டியில் சர்வர் மென்பொருளுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும், இரண்டாவது பெட்டி வைத்தால் அதற்கு இன்னொன்று. டாங்கிளையே நெட்வொர்க்கில் அனுப்பும் யுஎஸ்பி மென்பொருள் ஒன்றையும் ஆரம்பத்தில் முயன்றேன். பாட்டின் நடுவில் டாங்கிள் காணாமல் போகும், அதோடு விட்டேன்.

வீட்டுப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. குரோம்பேட்டையிலிருந்து இணையம் வழியாகச் சாலிகிராமத்துப் பெட்டியை வாசிப்பது நடக்காத காரியம். இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட அனுமதிக்கும் லைசென்ஸ்களை லேப்டாப்பில் வைத்திருக்கிறேன், மற்றதை ஆடியோவாக இறக்கி எடுத்துப்போகிறேன். வீட்டில் ட்யூன் வேலை மட்டும்தான்.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்பவராக இருந்தால் இந்த வம்பு தேவையில்லை. 128 ஜிபி ரேம் போட்ட ஒரே மெஷினில் என் டெம்ப்ளேட் முழுக்க ஓடும். இரண்டு அறை, இரண்டு ஆள், மாற்றி மாற்றி உட்காரும் கம்ப்யூட்டர்கள் என்று இருந்தால்தான் பெட்டி லாபம்.

என்னுடையதில் 64 ஜிபி போன தீபாவளியோடு நிரம்பிவிட்டது, புதுக் கோரஸ் லைப்ரரி பாதிதான் ஏறுகிறது. போன வாரம் ரிட்சி ஸ்ட்ரீட் போய் ரேம் விலை கேட்டேன். கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு லெமன் சோடா குடித்துவிட்டு, வெறும் கையோடு பஸ் ஏறினேன்.