ஃப்ரீபிபிஎக்ஸ் வாய்ஸ்மெயில் ரிவ்யூ: பாண்டில ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல ஓட்டிப் பார்த்தது

நம்ம ஊரு ஜனங்க வாய்ஸ்மெயில்ல, அதாவது போனை யாரும் எடுக்காதப்ப மெசேஜ் பதியற வசதில, பேச மாட்டாங்க, பீப் கேட்டதும் வச்சிடுவாங்கன்னு ஆபீஸ் போன் சிஸ்டம் போட்டுக் குடுக்கறவங்களே சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. வாட்ஸப்ல ரெண்டு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பற அதே ஆளு ஆபீஸ் போன்ல மட்டும் ஏன் பேசாம வைக்கிறாருன்னா, அது அவருகிட்ட இங்கிலீஷ்ல பேசுது, யாரு கேப்பாங்க எப்ப திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு ஒண்ணுமே சொல்றதில்ல, அப்புறம் அவரு எதை நம்பி பேசுவாரு? அதைச் சரி பண்ணிட்டா பேசறாங்க, நல்லாவே பேசறாங்க. அதனாலதான் இந்த ரிவ்யூ எழுதறேன்.

எங்களோடது மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு டிராவல்ஸ். வில்லியனூர், அரியாங்குப்பம், கடலூர்லேர்ந்து திருப்பதி, வேளாங்கண்ணிக்கு வேன் கேட்டு கூப்பிடறவங்க ஒரு பக்கம், பிரான்ஸ்ல செட்டில் ஆன நம்ம பாண்டி குடும்பங்க இன்னொரு பக்கம். அங்க குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், அவங்க சாவகாசமா சாயங்காலம் நாலு மணிக்கு கூப்பிட்டா இங்க எட்டரை, ஷட்டர் இறக்கியாச்சு. வாய்ஸ்மெயில் எங்களுக்கு அவசியமானதே இதனாலதான்.

சிஸ்டம் ஃப்ரீபிபிஎக்ஸ், ஆபீஸ் போனையெல்லாம் இணைச்சு நடத்தற எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர். பேருக்கேத்த மாதிரி சாஃப்ட்வேருக்கு காசு இல்ல, ஒரு சின்ன பிசி போதும். உள்ள ஓடறது ஆஸ்டெரிஸ்க்குங்கற போன் சாஃப்ட்வேர், மார்க் ஸ்பென்சர் 1999ல ஆரம்பிச்சது, இப்ப சாங்கோமா கம்பெனி கையில இருக்கு. நீங்க புதுசா போடறதா இருந்தா 17ஆவது வெர்ஷனே போடுங்க, அது டெபியன் 12ங்கற லினக்ஸ் மேல ஓடுது. 16 ஓடினது சென்ட்ஓஎஸ் 7ங்கற லினக்ஸ் வழியில வந்ததுல, அந்த சென்ட்ஓஎஸ்ஸுக்கு 2024 ஜூனோட சப்போர்ட்டே முடிஞ்சு போச்சு.

மெசேஜ் விழற வாய்ஸ்மெயில் பாக்ஸ் உருவாக்கறது ரொம்ப சுலபம். சிஸ்டத்தோட வெப் பேஜ்ல எக்ஸ்டென்ஷனை (ஆபீஸ்ல ஒவ்வொரு போனுக்கும் குடுக்கற உள் நம்பர்) திறந்து வாய்ஸ்மெயில் டேப்ல எனேபிள் பண்ணி, ஒரு பின் நம்பர், ஒரு ஈமெயில் ஐடி குடுத்து சேவ் பண்ணிட்டு மேல சிவப்பா வர்ற அப்ளை கான்ஃபிக் பட்டனை அழுத்தணும், அவ்ளோதான். உங்க போன்லேர்ந்து ஸ்டார் 97 போட்டா உங்க பாக்ஸ், வேற யாரோட போன்லேர்ந்தாவது கேக்கணும்னா ஸ்டார் 98. கேக்கும்போது 5 அழுத்தினா திரும்ப ஓடும், 6 அடுத்தது, 7 அழிக்க, 8 வேற ஆளுக்கு அனுப்ப, 9 எடுத்து வைக்க. இதை ஒரு சீட்டுல எழுதி போன் பக்கத்துல ஒட்டிடுங்க, ஏன்னா உள்ள பேசற குரல் முழுக்க இங்கிலீஷ், தமிழ் குரல் பேக் கூட வர்றதில்ல. பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பானிஸ்லாம் இருக்கு, கோடிக்கணக்கான பேரு பேசற தமிழ் இல்ல, இது எனக்கு நிஜமாவே வருத்தம்.

இப்ப முக்கியமான விஷயம், கிரீட்டிங், அதாவது பீப்புக்கு முன்னாடி கூப்பிட்டவங்களுக்கு ஓடற குரல். பாக்ஸுக்குள்ள போயி 0 அழுத்தினா 1ல எடுக்காதப்ப ஓடறது, 2ல பிஸியா இருக்கும்போது ஓடறது, 3ல பேரு, 4ல டெம்பரரி. எங்க கேஷ் கவுன்ட்டர் அக்கா குரல் நல்லா தெளிவா இருக்கும், அவங்களையே தமிழ்ல பேச வச்சோம்: "வணக்கங்க, ஆபீஸ் மூடியாச்சு, உங்க பேரு, போன் நம்பரு, எந்த தேதிக்கு எந்த ஊருக்கு வண்டி வேணும்னு சொல்லிட்டு வைங்க, காலைல பத்து மணிக்குள்ள நாங்களே கூப்பிடறோம்." என்ன சொல்லணும்னு கேட்டதும், எப்ப கூப்பிடுவோம்னு சொன்னதும், இந்த ரெண்டுலயேதான் எல்லாம் மாறிச்சு. ஆனா ஒண்ணு, அக்கா பேசி முடிச்ச உடனே சிஸ்டம் தானா இங்கிலீஷ்ல இன்னொரு தடவை டோனுக்கு அப்புறம் மெசேஜ் விடுங்க, முடிச்சிட்டு பவுண்ட் கீ அழுத்துங்கன்னு பாடம் எடுக்கும், வயசானவங்க அங்கதான் வச்சிடறாங்க. வாய்ஸ்மெயில் அட்மின்ல இந்த இங்கிலீஷ் பாடத்தை, அதாவது ஸ்டாண்டர்ட் பிராம்ப்ட்டை, டிஸேபிள் பண்றதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைக் கண்டிப்பா போடுங்க. தமிழ் குரல் முடிஞ்சதும் நேரா பீப், ஜனங்க பேசறாங்க.

டெம்பரரி கிரீட்டிங் பொங்கல் லீவுக்கும் புயலுக்கும் பிரமாதம். அது இருக்கிறவரைக்கும் மத்ததெல்லாம் ஓரமா நிக்கும், அழிச்சதும் பழையது திரும்ப வந்துடும், புதுசா பதிய வேண்டியதில்ல. 2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் பாண்டியைப் புரட்டிப் போட்டப்ப, வண்டி எதுவும் ஓடலைன்னு ஒரு வரி பதிஞ்சு விட்டா எத்தனை பேரு பதட்டம் குறையும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது, ஆளுக்கொரு பாக்ஸ் வேண்டாம். இதை நான் அடிச்சே சொல்லுவேன். ஆளுக்கொண்ணு குடுத்தா லீவுல இருக்கறவர் பாக்ஸ்ல ஒரு புக்கிங் கிடந்து அழுகும், வேற யாரும் கேக்க மாட்டாங்க. புக்கிங்குக்கு ஒரே பொது எக்ஸ்டென்ஷன் போட்டு, ரிங் குரூப்ல (ஒரே கால் பல போன்ல அடிக்கற செட்டிங்) யாரும் எடுக்கலன்னா அந்த பொது எக்ஸ்டென்ஷனோட வாய்ஸ்மெயிலுக்குப் போற மாதிரி வச்சிருக்கோம். தனி பாக்ஸ் முதலாளிக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் மட்டும். ரிங் டைம் டிஃபால்ட்டா குறைச்சலாத்தான் இருக்கு, கவுன்ட்டர்ல நாலு பேரு நிக்கும்போது அதுக்குள்ள எடுக்க முடியாது, 25 வைங்க. அதுக்கு மேல வச்சாலும் கூப்பிடறவங்க வச்சிடுவாங்க.

ஈமெயில்ல வர்றது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், மெசேஜ் ஆடியோவாவே மெயில்ல வந்துடும், முதலாளி வீட்டுல உக்காந்தே கேட்டுடுவாரு. சாதா வேவ் ஃபார்மட்ல நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட ஒரு எம்பி வரும், வேவ்49 போட்டா அதுல பத்துல ஒரு பங்குதான். ஜிமெயில் வழியா அனுப்பறீங்கன்னா உங்க சாதா பாஸ்வேர்ட் வேலை செய்யாது, 2022 மே மாசத்துலேர்ந்து கூகுள் அதை நிறுத்திடுச்சு, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும். இங்க பயப்பட வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு: டிலீட் வாய்ஸ்மெயில்னு ஒரு ஆப்ஷன், மெயில் அனுப்பினதும் சிஸ்டத்துல அழிச்சிடும், அட்டாச்மென்ட்டை ஆஃப்ல வச்சுட்டு இதை மட்டும் ஆன் பண்ணிட்டா மெயில்லயும் ஆடியோ இருக்காது சிஸ்டத்துலயும் இருக்காது, போனது போனதுதான். நாங்க டிலீட்டே போடறதில்ல. ஆனா அப்படி விட்டா பாக்ஸ் ரொம்பிக்கும், ஒரு ஃபோல்டருக்கு டிஃபால்ட்டா 100 மெசேஜ்தான், அதனால கேட்டு முடிச்சத வாராவாரம் ஒருத்தர் அழிக்கணும்.

லேண்ட்லைன் வச்சிருக்கிறவங்க இதை மட்டும் கவனமா படிங்க, இது எந்த டெமோலயும் சொல்ல மாட்டாங்க. 0413 லைனை ஒரு எஃப்எக்ஸ்ஓ கேட்வே, அதாவது லேண்ட்லைன் ஒயரை இந்த சிஸ்டத்தோட இணைக்கற சின்ன பெட்டி, வழியாதான் சிஸ்டத்துல சேர்க்கணும். கூப்பிட்டவங்க போனை வச்சதும் லைன்ல பிஸி டோன் வரும், அதைக் கேட்டுதான் கால் முடிஞ்சிதுன்னு கேட்வே புரிஞ்சிக்கும். நம்ம நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்ட் சத்தம் முக்கால் செகண்ட் நிசப்தம். அமெரிக்கால 480ம் 620ம் சேர்ந்து அரை செகண்ட் அரை செகண்டா வரும். எங்களுக்குப் போட்டுக் குடுத்தவங்க கேட்வேய அமெரிக்கா செட்டிங்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க, கூப்பிட்டவங்க வச்சப்புறமும் அது அந்த டொய்ங் டொய்ங் சத்தத்தையே மெசேஜா பதிஞ்சிட்டு இருந்துச்சு, அதுவரைக்கும் லைன் பிஸி, அடுத்து கூப்பிடற கஸ்டமருக்கு எங்கேஜ்டு. மௌனமா இருந்தா கட் பண்ற மேக்ஸ் சைலன்ஸ் செட்டிங்கும் இங்க உதவாது, ஏன்னா சத்தம்தான் இருக்கே. கேட்வேல டோன் ரீஜனை இந்தியான்னு மாத்தி, பிஸி டோன் 400, 750, 750 மில்லிசெகண்ட்னு போட்டதும் சரியாயிடுச்சு. லைன்ல போலாரிட்டி ரிவர்சல் (கால் முடிஞ்சதுன்னு லைனோட ப்ளஸ் மைனஸை மாத்திக் காட்டற சிக்னல்) கிடைச்சா இன்னும் நல்லது. கூடவே கேட்வேல காலர் ஐடி டிடிஎம்எஃப்ல (நம்பரை பட்டன் சத்தமா அனுப்பற முறை) இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லாட்டி நம்பரே இல்லாம மெசேஜ் வரும், பேசினவங்க நம்பர் சொல்ல மறந்துட்டா திருப்பிக் கூப்பிட வழியே இல்ல.

பேசாம வைக்கிற வெத்து மெசேஜைத் தடுக்க குறைஞ்சபட்ச நீளத்தை 6 செகண்டும், மேக்ஸ் சைலன்ஸை 4ம் வைங்க. சைலன்ஸ் எண்ணு எப்பவும் சின்னதா இருக்கணும், மாத்தி வச்சா வெறும் மெசேஜா வந்து குவியும்.

பின் நம்பர் 1234, இல்ல எக்ஸ்டென்ஷன் நம்பரேவா வைக்காதீங்க, கஸ்டமர் பேரு நம்பரு ஊருக்குப் போற தேதி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ரிக்வயர் ஃப்ரம் ஸேம் எக்ஸ்டென்ஷன் ஆன் பண்ணிட்டா சொந்த போன்லேர்ந்து கேட்டாலும் பின் கேக்கும், பொது கவுன்ட்டர்ல இது வேணும். சிஸ்டத்தோட வெப் பேஜை இன்டர்நெட்ல திறந்து விடவே விடாதீங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு குறைச்சது தமிழ் குரல் இல்லாததுக்கு. ரெண்டு பேரு மட்டும் இருக்கற கடைன்னா இவ்ளோ மெனக்கெட வேண்டாம், ஒரு செல்போனே போதும். மூணு நாலு டெஸ்க், லேண்ட்லைன், மூடினப்புறமும் கால் வர்ற தொழில்னா தைரியமா போடுங்க, ஆனா பிசி, கேட்வே, நெட்வொர்க் ஸ்விட்ச் மூணையும் ஒரே யூபிஎஸ்ல மாட்டுங்க, கேட்வே மட்டும் கரண்ட் போயி அணைஞ்சாலும் வெளில ரிங் போயிட்டே இருக்கும், உள்ள ஒரு மெசேஜும் விழாது.