வேல்யூஸ் அட்டவணை: பிடித்திருந்தும் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்

ஆரக்கிள் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாறவிருக்கும் நண்பர் ஒருவர், மாறிலி மதிப்புகளை வினவலுக்குள்ளேயே அட்டவணையாக்கும் வேல்யூஸ் (VALUES) என்ற எஸ்கியூஎல் தொடரை நம்பலாமா என்று கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் டூயல் என்ற ஒற்றை வரி அட்டவணையிலிருந்து ஒரு செலக்ட் எழுதி, முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஆல் போட்டு இணைத்தே பழகியவர் அவர். ஆரக்கிளில் இவ்வசதி 23ஏஐ பதிப்பில்தான் வந்தது. போஸ்ட்கிரெஸில் 2006இல் வெளியான 8.2 முதலே இருக்கிறது.

இதன் அருமை, முதன்மைத் தரவுத்தளத்தின் வாசிக்க மட்டுமேயான நகலாகிய ஸ்டாண்ட்பை சர்வரில்தான் எனக்குப் புரிந்தது. அங்கே தற்காலிக அட்டவணை உருவாக்க முடியாது. ஆனால், கையிலுள்ள குறியீடுகளை வேல்யூஸில் அடுக்கி, பொருந்தாத வரிகளையும் விடாமல் இணைக்கும் லெஃப்ட் ஜாயின் செய்தால், தரவுத்தளத்தில் எவை இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். வடிகட்டப் பயன்படும் இன் (IN) பட்டியலைக் கொண்டு இருப்பவற்றை மட்டுமே எடுக்க முடியும்.

என் பொறுமையைச் சோதிப்பது தரவினம், அதாவது ஒரு மதிப்பு எண்ணா, தேதியா, எழுத்தா என்ற வகை. மேற்கோள் குறிக்குள் எழுதிய தேதியை, புதிய வரி சேர்க்கும் இன்செர்ட்டின் வேல்யூஸில் நேரடியாகக் கொடுத்தால், இலக்கு நெடுவரிசையைப் பார்த்து அது தேதியாகவே ஏற்கப்படுகிறது. அதே பட்டியலை, இருக்கும் வரிகளை மாற்றும் அப்டேட்டின் ஃப்ரம் பகுதியில் வைத்தாலோ அது டெக்ஸ்ட், அதாவது எழுத்து வகை ஆகிவிடுகிறது. நெடுவரிசை டேட் வகை, கொடுத்ததோ டெக்ஸ்ட் என்று பிழை வருகிறது. ஃப்ரம்மில் வரும் பட்டியல் ஒரு துணை வினவல்; அதன் தரவினம் யூனியனுக்குரிய விதிப்படி தனியாகவே முடிவு செய்யப்படுவதால் இதில் முரண் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியில் மட்டும் வகையைக் குறிக்கும் காஸ்ட் எழுதினால் கீழுள்ள மதிப்புகளும் அந்த வகையையே ஏற்கும்.

ஆனால் பட்டியலை நிரல் உருவாக்கும்போது நிலைமை மோசமாகிறது. எண் வரவேண்டிய நெடுவரிசையில் ஒரு வரியிலாவது எண் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். என்றோ ஒரு நாள் அத்தனை வரிகளிலும் நல் (NULL) என்ற வெற்று மதிப்பு வந்தால், அந்த நெடுவரிசை முழுவதும் டெக்ஸ்ட் ஆகி, மாதக்கணக்கில் ஓடிய அப்டேட் நின்றுவிடும். சோதனைத் தரவில் இந்நிலை பெரும்பாலும் எழுவதே இல்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கையால் எழுதும் வினவல்களில் வேல்யூஸுக்கு ஈடாக வேறொன்றை நான் ஏற்கமாட்டேன். இருப்பினும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதே: அவர் எழுதப்போவது நிரல் என்பதால், ஒவ்வொரு நெடுவரிசையையும் தரவினம் குறித்த அர்ரேயாக, அதாவது மதிப்புகளின் தொகுப்பாக அனுப்பி, அன்நெஸ்ட் என்ற செயற்கூறு கொண்டு வரிகளாக விரித்துக்கொள்ளட்டும்.